பூக்காரி கனகவல்லியின் தலைமுடி

தாம்பரம் மேற்கில், ரயில் நிலையப் படிக்கட்டு இறங்கும் இடத்தில் பூ விற்ற கனகவல்லிக்கு முப்பத்தாறு வயதில் தலைமுடி கொட்ட ஆரம்பித்தது. முப்பத்தொன்பதில் அவள் போய்ச் சேர்ந்தாள். முடி கொட்டி யாராவது சாவார்களா என்று கேட்பீர்கள். அவளும் அப்படித்தான் கேட்டாள். விதி, தலையெழுத்து என்று சொல்லி இந்தக் கதையை முடித்துவிட எனக்கு மனமில்லை. அப்படிச் சொல்வதற்கு எங்கள் தெருவில் ஏற்கனவே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நான் எழும்பூரில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். தினமும் சாயங்காலம் ரயிலை விட்டு இறங்கி அவளிடம் ஒரு முழம் மல்லி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். அவள் வீடும் எங்கள் தெருக்கோடியில்தான். கணவன் துலுக்காணம், மார்க்கெட்டில் மூட்டை தூக்கினான். எழில் என்று ஒரே மகள், பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள்.

படிக்கட்டு வரிசையில் உட்கார்ந்த பூக்காரிகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. கூடையைத் திறந்ததும் முதல் துண்டு சாமி படத்துக்கு, அடுத்தது தன் தலைக்கு, அதன் பிறகுதான் வியாபாரம். வெறுந்தலையோடு பூ விற்றால் கூடை காலியாகாது என்பார்கள். கனகவல்லிக்கு அந்தப் பழக்கம் நன்றாகவே பலித்தது. இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னலில் அவள் மல்லியை வைத்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்தால் போதும், படியிறங்கி வரும் பெண்கள் தானாக நின்றுவிடுவார்கள். அவளுக்கும் அது தெரியும். கொஞ்சம் கர்வமும் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

இரண்டாயிரத்து நாலாம் வருஷம் கோடையில் சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வரத் தொடங்கியது. நெற்றியோரம் முடி உடைந்து குட்டை குட்டையாக நின்றது. போர் தண்ணீர் உப்பு, அதனால்தான் என்றார்கள். எங்கள் பக்கத்தில் எல்லார் தலைக்கும் அந்தத் தண்ணீர்தான் என்பதை யாரும் யோசிக்கவில்லை. காலையில் விரல் மூட்டுகள் மடங்க மறுத்தன, பூ கட்ட முடியவில்லை. நாள் முழுக்க நார் முடிந்தால் வலிக்காதா என்றார்கள். மூக்குக்கு இரண்டு பக்கமும் கன்னம் சிவந்து தடித்தது. அது வெயில். வாயில் புண் வந்தது. அது சூடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கையோடு தயாராக இருந்தது. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே காரணம் இருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"டாக்டர்கிட்ட காட்டேன்" என்று ஒரு நாள் சொன்னேன்.

"முடி கொட்றதுக்கெல்லாம் டாக்டராண்ட போவாங்களாக்கா? கேட்டா சிரிப்பாங்க" என்றாள்.

பக்கத்துக் கூடைக்காரி கன்னியம்மா வைத்தியத்தில் இறங்கினாள். சின்ன வெங்காயத்தை நசுக்கித் தேய்க்கச் சொன்னாள். செம்பருத்தியும் கரிசலாங்கண்ணியும் போட்டு எண்ணெய் காய்ச்சினாள். மார்க்கெட்டில் ஒரு சவுரி வாங்கி வைத்துப் பின்னிவிட்டாள். சவுரியைத் தாங்கவும் சொந்த முடி கொஞ்சம் வேண்டுமே. ஒரு சாயங்காலம் ரயில் கூட்டம் படியிறங்கும் நேரத்தில் அது பூவோடு கழன்று கீழே விழுந்தது. கல்லூரிப் பையன்கள் சிலர் சிரித்துக்கொண்டே தாண்டிப் போனார்கள். கனகவல்லி அதை எடுத்துக் கூடைக்கடியில் ஒளித்துவிட்டு, முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். அன்றைக்கு நான் கேட்காமலே இரண்டு முழம் கொடுத்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் பழைய வேண்டுதல் பேச்சு வந்தது. எழில் சின்னக் குழந்தையாக இருந்தபோது மஞ்சள்காமாலை கண்டு பிழைப்பாளா என்றிருந்தது. பிழைத்தால் தன் முடியைத் தருகிறேன் என்று திருநீர்மலைப் பெருமாளிடம் கனகவல்லி நேர்ந்துகொண்டாள். குழந்தை பிழைத்தாள். முடி கொடுக்க மனசு வரவில்லை. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிக்கொண்டே போனாள்.

"அவரும் எவ்ளோ நாள்தான் பொறுத்துகினு இருப்பாரு? நீ குடுக்கல. இப்ப அவரே எடுத்துகினு கீறாரு" என்றாள் கன்னியம்மா.

கனகவல்லிக்கு அது பளிச்சென்று புரிந்தது. ஒரு சனிக்கிழமை குடும்பத்தோடு திருநீர்மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு, சந்தனம் பூசிய தலையோடு திரும்பி வந்தாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. வரிசையிலும் மரியாதை கூடியது. உதிர்ந்த தலைக்குச் சிரிப்பவர்கள் மொட்டைத் தலைக்குக் கை கூப்பினார்கள். தன் பங்குப் பூவை அவள் கூடையின் கைப்பிடியில் சுற்றிவைத்தாள். எனக்கு அதைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

விரல் வலி மட்டும் விடவில்லை. கடைசியில் துலுக்காணம் அவளைப் பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனான். அங்கே நடந்ததை அவளே எனக்குச் சொன்னாள். டாக்டர் கன்னத்தைப் பார்த்தாராம், விரலை மடக்கிப் பார்த்தாராம். பிறகு, "முடி ஏதாவது கொட்டுதாம்மா?" என்று கேட்டாராம். கேட்கவேண்டிய கேள்வி அதுதான்.

"வேண்டுதல் சார், மொட்ட போட்டுக்கினேன்" என்று சொல்லியிருக்கிறாள்.

அவரும் தலையாட்டிவிட்டு, முகத்துக்கு ஒரு களிம்பும் வலிக்கு மாத்திரையும் எழுதிக் கொடுத்துவிட்டார். கொட்டியதைப் பற்றி அவள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அது சாமி விசயமாச்சேக்கா, அவருக்கு இன்னாத்துக்கு?" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கு அது நோயே இல்லை, தீர்த்துவிட்ட குற்றம்.

பல மாதம் கழித்துக் கால் வீங்கியது. காலையில் கண் திறக்க முடியாதபடி முகம் ஊதியது. அப்போதுதான் நான் லீவு போட்டு, அவளை ரயிலேற்றி, பார்க் ஸ்டேஷனில் இறக்கி, பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். தலையில் முடி ஆங்காங்கே திட்டுத் திட்டாகத்தான் முளைத்திருந்தது. ரத்தமும் சிறுநீரும் சோதித்துப் பார்த்த பிறகு, ஓர் அம்மா டாக்டர் அந்தத் தலையைத் தடவியபடி கேட்டார்.

"மொட்டை போடறதுக்கு முன்னாடி முடி எப்படிம்மா இருந்துச்சு?"

கனகவல்லி அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே சீப்பு, சவுரி, வெங்காயம் எல்லாவற்றையும் சொன்னாள். பொறுமையாகக் கேட்டுவிட்டு டாக்டர் சொன்னார்.

"இதுக்கு லூப்பஸ்னு பேரு. உடம்பைக் காப்பாத்தற சக்தியே தடுமாறி உடம்பைத் தாக்குது. முடி வேரு, மூட்டு, தோலு எல்லாத்தையும் தொட்டுட்டு, இப்ப கிட்னிக்கு வந்திருக்கு. மாத்திரை தர்றேன், முடி திரும்ப வளரும். ஆனா நோய் போகாது, அடங்கித்தான் இருக்கும். முடி வந்தாலும் சரி, வராட்டியும் சரி, நீயா மாத்திரையை நிறுத்தக்கூடாது. மாசாமாசம் வந்து காட்டணும். வெயில்ல உக்காரக்கூடாது."

இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது. நானும் வெளியே வந்து ஒருமுறை திருப்பிச் சொன்னேன். ரயில் சைதாப்பேட்டை தாண்டியது. அவள் மெல்ல என் கையைத் தொட்டாள்.

"முடி வந்துடும்னு சொன்னாங்க இல்லக்கா?"

"சொன்னாங்க."

"அது போதும்" என்றாள்.

அவள் காதில் விழுந்தது அவ்வளவுதான் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நாள் ஒழுங்காகத்தான் சாப்பிட்டாள். பெரிய குடை ஒன்றைக் கட்டிக்கொண்டு அதன் நிழலில் உட்கார்ந்தாள். மாத்திரையால் முகம் உப்பி வட்டமானது. நன்றாகச் சதை பிடித்திருக்கிறாள் என்று தெருவில் சந்தோஷப்பட்டார்கள். முடியும் வளர்ந்தது. கழுத்தைத் தொட்டதும் ஒரு வெள்ளிக்கிழமை குட்டையாகப் பின்னி, ஊசி குத்தி, சாமி படத்துக்கு அடுத்த துண்டு மல்லியைத் தலையில் வைத்துக்கொண்டாள். வரிசையே திரும்பிப் பார்த்தது. கன்னியம்மா எல்லோரிடமும் பெருமாள் வாங்கியதைத் திருப்பித் தந்துவிட்டார் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கனகவல்லி என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை. எனக்கும் அன்று சந்தோஷம்தான்.

அந்த வாரமே மாத்திரையை நிறுத்திவிட்டாள். ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. எனக்கு அது மழைக்காலத்தில், அவள் கால் மறுபடி பானையாக வீங்கிய பிறகுதான் தெரிந்தது. தெருவென்றும் பார்க்காமல் கத்தினேன்.

"ஏண்டி நிறுத்தின? அந்தம்மா அத்தனை தடவை சொன்னாங்களே."

அவள் பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக் காட்டினாள். "முடிதான் வந்துச்சேக்கா. கொட்டவும் இல்ல. தெனமும் சீப்பப் பாத்துகினுதான் இருந்தேன். கொட்டினா உடனே மறுபடி போட்டுக்கலாம்னுதான் இருந்தேன்."

நோய் இந்தத் தடவை முடியைத் தொடவில்லை. சத்தமில்லாமல் நேராகக் கிட்னிக்குப் போயிருந்தது. அவளோ சீப்பையே காவல் காத்துக்கொண்டிருந்தாள்.

துலுக்காணம் மூட்டை தூக்குவதை விட்டுவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு அலைந்தான். ஆஸ்பத்திரியில் இயந்திரத்தில் போட்டு ரத்தம் சுத்தம் செய்தார்கள். அந்த அம்மா டாக்டர் திட்டவில்லை, என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். பொங்கலுக்கு முன்னால் கனகவல்லி நெஞ்சில் நீர் கோத்து இறந்துபோனாள்.

சுமங்கலியாகப் போனவள் என்பதால் தலை நிறையப் பூ வைக்கவேண்டும் என்றார்கள். படிக்கட்டு வரிசையே அன்று கடை போடவில்லை. எல்லாரும் கூடையோடு எங்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். மல்லிக்குப் பருவமில்லாத மாதம். எங்கிருந்து கொண்டுவந்தார்களோ, அத்தனை மல்லி. கன்னியம்மா முடியைத் தொட்டுப் பார்த்து, "எவ்ளோ வளந்துட்ச்சு பாருங்க, பெருமாள் கொற வைக்கல" என்று ஒப்பாரிக்கு நடுவே சொன்னாள். எனக்கு அவள் வாயிலேயே ஒன்று வைக்கவேண்டும் போலிருந்தது. அவள் கண்ணைப் பார்த்த பிறகு அந்தக் கோபமும் நிற்கவில்லை.

எழில்தான் அம்மாவுக்குத் தலை வாரினாள். மெதுவாக, சிக்கெடுத்து, உச்சியிலிருந்து நுனிவரை பலமுறை வாரினாள். பின்னி முடித்துப் பூ வைத்ததும், சீப்பை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வீட்டில் அந்தச் சீப்பை அவளும்தான் தினமும் பார்த்திருப்பாள் போலும். பிறகு அதை என்னிடம் நீட்டினாள்.

"பாருங்க ஆன்ட்டி" என்றாள். "ஒண்ணுகூட கொட்டல."