துரை வண்டியில் அம்மாவை அழைக்கப் போனது

அந்தக் காரை நான் ஏன் வாங்கினேன் என்று இன்றுவரை எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஜீப் வாங்கப் போனவன் நான். கம்பம்மெட்டில் ஏலக்காய்க் கடை வைத்திருப்பவனுக்கு ஜீப்தான் வண்டி. பின்னால் மூட்டை போடலாம், முன்னால் ஆளை ஏற்றலாம், சேற்றில் மாட்டினால் நாலு பேர் சேர்ந்து தள்ளலாம். பழைய ஜீப் ஒன்று விலைக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டுத்தான் குமுளிக்குப் பஸ் ஏறினேன். திரும்பி வரும்போது தோல் இருக்கை போட்ட ஒரு வெளிநாட்டுக் காருக்குள் உட்கார்ந்து பேய் முழி முழித்துக்கொண்டிருந்தேன்.

காரணம் என்று ஒன்று சொல்லியே ஆக வேண்டும் என்றால், அது அம்மாதான். எழுபதுகளின் நடுப்பகுதி அது. அம்மாவுக்கு வேலை பார்க்கும் வயது முடிந்துவிட்டது, பெயரை எடுக்கப்போகிறார்கள் என்று எஸ்டேட்டிலிருந்து தகவல் வந்தது. சூரியநெல்லிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே கொழுந்து கிள்ளியவள் அவள். அங்கே ஆட்களின் பெயர்களை எழுதிவைக்கும் செக்ரோல் என்ற பேரேட்டில் பெயர் இருக்கிறவரைதான் லயம் என்ற வரிசை வீட்டில் இடம். பெயரை வெட்டிவிட்டால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். அப்பா எப்போதோ போய்விட்டார். நான் ஒரே பிள்ளை. அவள் என்னிடம் வருவதுதானே முறை?

ஆனால் அம்மா பிடிகொடுக்கவில்லை. பக்கத்து வீட்டில் அவளோடு ஒரே நிரையில் கொழுந்து கிள்ளிய ஒருத்தி இருந்தாள். நான் அத்தை என்று கூப்பிடுவேன். அந்த அத்தைக்கு இன்னும் சில வருடம் வேலை பாக்கி இருந்தது. அவள் வீட்டு மூலையில் ஒண்டிக்கொள்வதாக அம்மா சொல்லியனுப்பினாள். ஏன் என்று கேட்டால், பஸ் ஆகாது என்பாள். அது பொய்யில்லை. பஸ்ஸில் கால் வைத்தாலே அவளுக்குக் குடலைப் பிரட்டும். என் கல்யாணத்துக்குக் கம்பம் வந்தவள், நான் தாலி கட்டும் நேரத்தில் மண்டபத்துக்குப் பின்னால் ஒரு வேப்பமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு நாலு வருடத்தில் என் வீட்டுப் படியை ஒரு தடவைகூட மிதித்ததில்லை.

பஸ்தான் காரணம் என்றால் குலுங்காத வண்டி ஒன்று வாங்கிவிட்டால் சரியாகிவிடும் அல்லவா? இப்படித்தான் என் மூளை வேலை செய்தது. பஸ் மட்டும்தானா காரணம் என்று அன்றைக்கு நான் கேட்டுக்கொள்ளவில்லை.

குமுளியில் ஜீப்பை விற்பனைக்கு வைத்திருந்த மெக்கானிக் எனக்கு அதைத்தான் முதலில் காட்டினார். நல்ல ஜீப்தான். நான் அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தபோது, கொட்டகையின் கோடியில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த இன்னொரு வண்டியின் பின்பக்கம் மட்டும் வெளியே தெரிந்தது. பார்த்த உடனே தெரிந்துவிட்டது. அது எங்கள் எஸ்டேட் துரையின் வண்டி.

முன்பக்கத்தைப் பார்த்திருந்தால் எனக்கு அடையாளம் தெரிந்திருக்காது. அந்த வண்டி வரும் சத்தம் கேட்டால் நாங்கள் பாதையை விட்டு இறங்கி, குடை பிடித்திருந்தால் மடக்கி, தலையைக் குனிந்து நிற்க வேண்டும். மழை பெய்தாலும் அப்படித்தான். இதை யாரும் எங்கேயும் எழுதிவைக்கவில்லை, ஆனால் தவறியவரும் இல்லை. வண்டி தாண்டிப் போன பிறகுதான் தலையைத் தூக்குவோம். அதனால் எனக்குத் தெரிந்தது அதன் முதுகு மட்டுமே.

கடைசி வெள்ளைக்காரத் துரை சில மாதங்களுக்கு முன் சீமைக்குத் திரும்பும்போது அதை இங்கே விட்டுப்போனாராம். பின்னால் வந்த மானேஜருக்குக் கம்பெனி ஜீப் போதும். பெட்ரோல் விலை ஏறிக் கிடந்த காலத்தில் இந்த யானைக்குத் தீனி போட யாரும் தயாராக இல்லை. தாழ்ந்த உடம்பு, நாலு கதவு, இலைப்பச்சை நிறம், உள்ளே பளபளவென்று மெருகேற்றிய மரப்பலகை. மெக்கானிக் தார்ப்பாயை முழுக்க உருவிப் போட்டுவிட்டு ஆரம்பித்தார்.

"பந்தயக் காருக்கு வைக்கிற எஞ்சினாக்கும் இது. குடும்பக் காருக்குள்ள வெச்சிருக்கான் வெள்ளக்காரன். மீட்டர் கண்டோ? நூத்தியிருபது மைல்!"

எங்கள் மலைப்பாதையில் அதில் கால்வாசி வேகத்தில் போனாலே சாலை தேவைப்படாது, நேராகக் கம்பத்துக்கே இறங்கிவிடலாம். அதைச் சொல்லவேண்டியவன், எஞ்சினைப் பற்றிக் கேட்கவேண்டியவன், டயரைத் தட்டிப் பார்க்கவேண்டியவன், கேட்ட கேள்வி இதுதான்:

"இதுல போனா வாந்தி வருமா?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஸ்பிரிங்கு தொட்டில் மாதிரி அண்ணாச்சி" என்றார். அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதுமாக இருந்தது. விலையும் ஜீப்பை விட மலிவு. வாங்க ஆள் இல்லாத பொருளை மலிவாகத்தானே தருவார்கள் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

என் மனைவி வாசலில் நின்று வண்டியை மேலும் கீழும் பார்த்தாள். கம்பத்துக்காரி, வாய்க்குப் பஞ்சமில்லை.

"ஏங்க, இதுல ஏலக்கா மூட்டைய எங்க வப்பீங்க?"

"இது மூட்டைக்கு இல்ல. அம்மாவைக் கூட்டிட்டு வர."

"அத்தைய ஒரு தடவதான கூட்டியாரணும்? அதுக்கப்புறம்?"

உண்மையைச் சொன்னால், அந்த வண்டியின் பின்சீட்டில் அம்மா உட்கார்ந்து எஸ்டேட் வழியாகப் போவதை நான் மனதுக்குள் நூறு தடவை பார்த்துவிட்டேன். அது அம்மாவுக்காகவா, எனக்காகவா, இல்லை அந்தத் துரைக்குக் காட்டுவதற்காகவா என்று கேட்டால் எனக்கே தெரியாது. அவரோ சீமையில் இருக்கிறார். அவருக்கு யார் போய்ச் சொல்லப்போகிறார்கள்?

அம்மாவுக்கு ஒரு கார்டு எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியோடு வருகிறேன், பஸ் ஏற வேண்டாம், சாமானைக் கட்டிவை என்று மட்டும் எழுதினேன். என்ன வண்டி என்று எழுதவில்லை. பார்த்து அசந்துபோகட்டும் என்று இருந்தேன். வருகிறேன் என்று அத்தையின் மகனை விட்டுப் பதில் எழுதச் சொல்லியிருந்தாள். அந்தப் பதிலை நாலு நாள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தூறலாக இருந்தது. எஸ்டேட் பாதையில் திரும்பியதும் எதிரே இரண்டு பேர் குடை பிடித்தபடி வந்தார்கள். வண்டியைக் கண்டதும் சட்டென்று ஓரத்தில் இறங்கிக் குடையை மடக்கினார்கள். தலை குனிந்தது. அதில் ஒருவன் என்னோடு எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் படித்தவன். நிறுத்துவதா, போவதா? நிறுத்தினால் என்ன பேசுவது? நிறுத்தாமலேயே கையைத் தூக்கிக் காட்டினேன். அவன் இன்னும் கொஞ்சம் குனிந்தான். நான் மறைக்கவில்லை, அந்த ஒரு நிமிடம் எனக்கு உள்ளுக்குள் இனித்தது. அடுத்த நிமிடமே அசிங்கமாக இருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு பேரும் நனைந்தபடி தலையைத் தூக்கி வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

லயத்துக்கு மேலே கடைசி வளைவில் வரும்போதே கீழே ஏதோ நடப்பது தெரிந்தது. ஒரு பெண் ஆட்டைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு தேயிலைக்குள் ஓடினாள். லயத்தில் ஆடு வளர்க்கக் கூடாது, எஸ்டேட் விறகை எடுக்கக் கூடாது, வெளியாள் தங்கக் கூடாது. இரண்டு பேர் விறகுக் கட்டைத் தூக்கி ஓடைப்பக்கம் எறிந்தார்கள். யார் வீட்டுக்கோ விருந்தாளியாக வந்திருந்த ஒருவர் கையில் காப்பி டம்ளரோடு பின்வாசல் வழியாக ஓடினார். நான் போய் நிறுத்தியபோது வாசல்கள் எல்லாம் வெறிச்சென்று கிடந்தன. பழைய துரை திரும்பி வந்துவிட்டார், லயத்தைச் சோதனை போடப்போகிறார் என்று நினைத்துவிட்டார்கள். அந்த வண்டிச் சத்தத்துக்கு அவர்களுக்குத் தெரிந்த அர்த்தம் அது ஒன்றுதான்.

அம்மாவின் வீடு திறந்திருந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீயை அணைத்திருந்தது. தகரப் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி வாசலருகே வைத்திருந்தாள். அம்மாவைக் காணோம். "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டு முன்னும் பின்னும் நடந்தேன்.

பக்கத்து வீட்டு அத்தைதான் முதலில் தலையை நீட்டினாள். கும்பிட்ட கை அப்படியே நின்றது.

"எலே... நீயாலே? ஒன்னைய நான் செருப்பால அடிக்கணும்! ஒங்கம்மா தேயிலைக்குள்ள ஓடிட்டாளே!"

"அம்மா எதுக்கு ஓடணும்?"

"பேரு வெட்டி ரெண்டு நாளாச்சுல்ல. பேரு இல்லாத ஆளு லயத்துல இருக்கக் கூடாதுன்னு ஒனக்குத் தெரியாதா? அவ ஆட்டவா மறைப்பா? அவளையேதான் மறைச்சுக்கணும்."

நான் போய் வண்டியில் சாய்ந்து நின்றேன். என்னைப் பெற்றவளைக் கூட்டிப் போக வந்து, அவளையே விரட்டிவிட்டிருக்கிறேன். அழுகை வந்தது. துரையின் வண்டியில் சாய்ந்துகொண்டு அழுதால் நன்றாகவா இருக்கும் என்று அதை அடக்கிக்கொண்டேன்.

அத்தை சத்தம் போட்டுக் கூப்பிட்டதும் அம்மா மேட்டிலிருந்து இறங்கி வந்தாள். புதுச் சேலை கட்டியிருந்தாள். முழங்காலுக்குக் கீழே அது முழுக்க ஈரமும் சேறும். கணுக்காலில் ஒரு அட்டை கடித்து ரத்தம் வடிந்துகொண்டிருந்தது. வண்டியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். மெதுவாகத்தான் பேசினாள்.

"நீ வாறேன்னு காலையில இருந்து வாசல்லயே நின்னேன்யா. இத்தன வருசத்துல அந்த வண்டியப் பாத்து நான் ஒதுங்கி நின்னுருக்கேன், ஒரு நாளும் ஓடுனதில்ல. இன்னைக்கு ஓட விட்டுட்டியே."

அவள் காலில் இருந்த அட்டையை எடுத்துப் போட்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. பின்கதவைத் திறந்து, ஸ்பிரிங் எல்லாம் தொட்டில் மாதிரி, குலுங்கவே குலுங்காது என்று மெக்கானிக் சொன்னதையே திருப்பிச் சொன்னேன். அம்மா கதவருகே வந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். தோலை ஒரு விரலால் தொட்டாள்.

"மெத்துன்னு இருக்கு. எனக்குக் காலு வரல. நான் பஸ்ஸுலயே வாறேன்."

"பஸ் ஒனக்கு ஆகாதேம்மா!"

"வாந்திதான எடுப்பேன்? எடுத்துட்டுப் போறேன்."

எவ்வளவு கெஞ்சியும் நடக்கவில்லை. அவள் வருவாளா மாட்டாளா என்று பயந்துகொண்டிருந்தவனுக்கு, வருகிறேன் என்கிறாளே, அதுவே பெரிய விஷயம். ஆனால் எதற்காக இந்த வண்டியை வாங்கினேனோ அது அங்கேயே அர்த்தமில்லாமல் போயிற்று. தகரப் பெட்டி மட்டும் காரின் பின்சீட்டில் ஏறியது. அம்மா அத்தையைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கம்பம்மெட்டு வழியாகப் போகும் காலை பஸ்ஸில் ஏறினாள். நான் பஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்தேன்.

முந்திப் போயிருக்கலாம், மனசு வரவில்லை. வழியில் அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? பந்தயக் காருக்கு வைக்கிற எஞ்சின், பஸ் கிளப்பிய புகையைக் குடித்துக்கொண்டு முதல் கியரில் உறுமியபடி வந்தது. பஸ்ஸின் பின்கண்ணாடி வழியாக அம்மா தெரிந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ஒவ்வொரு வளைவிலும் சாய்ந்து ஆடினாள். வயசான மனுஷிக்கு எழுந்து இடம் கொடுக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லையா? அந்தக் கண்டக்டரை நான் மனதுக்குள் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

பூப்பாறையில் டீ குடிக்க பஸ் நின்றது. நான் வண்டியை அதன் பின்னாலேயே நிறுத்தினேன், எஞ்சினை அணைக்கவில்லை. அம்மா இறங்கி முகத்தைக் கழுவிக்கொண்டு என் ஜன்னலருகே வந்தாள். ஏறப்போகிறாள் என்று நினைத்து எட்டிக் கதவைத் திறந்தேன்.

"நீ முன்னால போயிருய்யா" என்றாள்.

"உள்ள எடம் இல்லியாம்மா? கண்டக்டர்ட்ட நான் வந்து பேசுறேன், இரு."

"எடமெல்லாம் கெடக்கு. நான்தான் உக்காரல."

"ஏம்மா?"

"இது பின்னாலயே உறுமிக்கிட்டு வருதுல்ல. உக்காந்தா காலு தானா எந்திரிச்சு நின்னுருது. நீதான் ஓட்டுறேன்னு தெரியுது, தெரிஞ்சும் நின்னுருது. ரெண்டு தடவ உக்காந்து பாத்துட்டேன்யா. முடியல."

நான் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தேன். பிறகு தகரப் பெட்டியை இறக்கினேன். டீக்கடைக்காரரிடம் சாவியைக் கொடுத்து, வண்டி இங்கேயே கிடக்கட்டும், வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றேன். எப்போது என்று அவர் கேட்டார். தெரியவில்லை என்று சொன்னேன், அது உண்மை.

பஸ்ஸில் அம்மா சொன்னது போலவே இடம் இருந்தது. அவளை ஜன்னலோரம் விட்டு நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் வளைவிலேயே என் வேட்டியில் வாந்தி எடுத்தாள். துண்டால் துடைத்துவிட்டு அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு கம்பம்மெட்டு வரும்வரை அம்மா ஒரு தடவைகூட எழுந்து நிற்கவில்லை.