காப்பிக்கொட்டையும் கீர்த்தனையும்

சூசைமாணிக்கம் காப்பிக்கொட்டை அரைத்துக்கொண்டிருக்கிறார். கொட்டை அவருடையதல்ல, சிங்கப்பூருக்கு அக்கரையில், கோத்தா திங்கியில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் அமானுல்லா நானாவுடையது. கைப்பிடி நொடிக்கு இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். கூடக் கூடாது, குறையக் கூடாது. தாளம் தப்பாமலிருக்க உதட்டுக்குள் ஒரு கீர்த்தனை ஓடும். தப்பினால் "ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்.

"கிராணி, காப்பி குடிக்க வந்தீங்களா, கொட்டையைக் கொல்ல வந்தீங்களா?"

"கேமராவுக்கும் கைப்பிடியை இப்படித்தான் சுத்தணும் நானா. கை பழகணும்லா."

ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை, வயது முப்பத்துநான்கு. சபையில் ஜெபிக்கும்போதும் ஒரு கண்ணைக் கீற்றளவு திறந்து, பக்கத்திலிருப்பவர் எப்படி அழுகிறார் என்று பார்த்துவைப்பார். ஆள் பெயர் எழுதும் தாளின் முதுகில் பயாஸ்கோப் கதை எழுதுவார். பதினொரு கதை எழுதியாயிற்று. சிங்கப்பூர்ப் பட முதலாளிகள் ஒன்றையும் உறை பிரிக்கவில்லை. "பிரிக்கலன்னா போகட்டும், நானே எடுக்கிறேன்" என்றார். நல்ல உத்தியோகத்திலிருக்கும் மனிதனைக் கெடுக்க இந்த ஒரு வாக்கியம் போதும்.

கேமரா இரவல், பிலிம் ஒரே ஒரு சுருள். சிங்கப்பூருக்குப் போன மகன் திரும்பாமல் ஆற்றங்கரையில் காத்திருக்கும் தாய்; அவளுக்கு ஆறுதல் சொல்லும் போதகர். கதை அவ்வளவுதான். போதகர் வேடம் நானாவுக்கு. ஊரில் லட்சணமான தாடி அவரிடம்தான் இருந்தது. "தாடியைத்தான் இரவல் தரேன் கிராணி, என்னை இல்ல" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

தாய், தோட்டத்தில் ரப்பர் பால்வெட்டும் ராஜம்மா. அவள் மகனும் சிங்கப்பூருக்குப் போனவன்தான். மூன்று வருஷமாகக் கடிதமில்லை. "படம் அந்தப் பக்கம் ஓடுமாங்க? அவன் கண்ணுல பட்டா வந்துடுவான்" என்று ஒரே கேள்வி கேட்டாள். ஓடும் என்று வாக்குக் கொடுத்தார். முழங்காலிட்டு வேண்டும் காட்சியில் மட்டும் அவளுக்குச் சந்தேகம்.

"எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடணுங்க?"

"கேமராவைத் தவிர எந்தப் பக்கம்னாலும் சரி."

ஞாயிறு ஆராதனை முடிந்து சபையே ஆற்றங்கரைக்கு வேடிக்கை பார்க்க வந்தது. சூசைமாணிக்கம் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே முணுமுணுத்தார். கீர்த்தனையைத் தனியே விட்டுவைப்பது பாவமல்லவா? சபையும் எழுந்து சேர்ந்துகொண்டது. அந்தச் சபை பாடினால் முதல் சரணம் முடிவதற்குள் ஆற்றில் வெள்ளம் வந்து வடிந்துவிடும். அவர் கையும் அவர்கள் இழுத்த இழுப்புக்கே போயிற்று. ராஜம்மாவைப் பார்த்து அழுதுகொண்டிருந்த மனிதருக்கு அது தெரியவில்லை.

கூடாரப் பயாஸ்கோப் நடத்தும் லெட்சுமணன் ஒப்பந்தத்தைச் சுருக்கமாகச் சொன்னார்: "இங்க சனம் அழுதா, சிங்கப்பூர்லயும் போடறேன். சிரிச்சா, சுருட்டிக்கிட்டுப் போயிடுங்க."

சனம் சிரித்தது. மெதுவாகச் சுற்றி எடுத்த படத்தை வழக்கமான வேகத்தில் ஓட்டினால் வேறென்ன ஆகும்? திரையில் ராஜம்மா தேனீ துரத்தினாற்போல் ஓடிவந்தாள். நானா ஆசீர்வதித்தது கொசு அடித்ததுபோல் இருந்தது. முன்வரிசைப் பாயில் உட்கார்ந்திருந்த ராஜம்மா முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"சோகம்னு சொன்னீங்களே" என்றார் லெட்சுமணன்.

சூசைமாணிக்கம் திரையைப் பார்த்தார், தம் மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு எழுந்து, கூடாரத்தின் பின்னால் கைப்பிடி சுற்றிப் படம் ஓட்டும் வேலுவிடம் போனார். வேண்டுதல் காட்சி இன்னும் வரவில்லை.

"மெதுவா சுத்துப்பா."

"விளக்குச் சூட்டுல பிலிம் பத்திக்குங்க. இருக்கிறது இது ஒண்ணுதானே?"

முன்வரிசை முந்தானையை ஒருமுறை பார்த்தார். வேலுவின் கையை விலக்கிவிட்டுக் கைப்பிடியைத் தாமே பிடித்தார். சபை இழுத்த அதே இழுப்பில், முதல் சரணத்தை முணுமுணுக்கத் தொடங்கினார்.