யோகராணி மிஸ்ஸும் பச்சை நொதியமும்

மாத்தளை ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் ஒரு சிங்கள நண்பர் தொலைபேசியில் சொன்னார்: "யோகா மிஸ் நெதி வுணா." முப்பது வருடம் அரச அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவன் நான். ஒருவர் இறந்தாலும், கையிலிருந்த பொருள் தொலைந்தாலும் சிங்களத்தில் அதே சொல்லைத்தான் சொல்வார்கள். ஒரு கணம் மிஸ் எங்கோ வழி தவறிவிட்டார் என்றுதான் விளங்கிக்கொண்டேன். "எங்கே தேடினீங்க?" என்று கேட்டும் விட்டேன். அவர் இறுதிச் சடங்கின் நாளைச் சொன்னபோதுதான் புரிந்தது.

மாத்தளையில் அவரை அறிந்தவர்கள் பலர் இருப்பீர்கள். ஆனால் முகத்தை அறிந்தவர்கள் குறைவு. ஆய்வுகூடத்தின் சின்ன யன்னலுக்கு அப்பால், நுணுக்குக்காட்டியில் குனிந்தபடி இருக்கும் ஒரு தலையைத்தான் நாம் பார்த்திருப்போம். அவரும் நம்மைப் போத்தல்களாகத்தான் அறிந்திருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர், திரும்பிப் போகவில்லை. பலாபத்வலவில் ஒரு சிறு வீட்டில் தனியாக இருந்தார்.

ஆறு வருடங்களுக்கு முன் என் உடம்பு கெட்டது. மூட்டுவலி, தீராத களைப்பு, இருமல். இரத்தத்தில் கிரியேட்டினின் ஏறியிருந்தது. சிறுநீரகம் பழுதாகிறது என்றார்கள். நான் நாலந்தாவில் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவன், வயலும் உண்டு. வறண்ட பகுதி விவசாயிகளுக்கு வரும் சிறுநீரக நோயாகத்தான் இருக்கும் என்று கிளினிக்கில் முடிவாயிற்று. யாரையும் குறை சொல்லவில்லை. அன்று வரிசையில் நின்ற பாதிப் பேருக்கு அதுதான் நோய்.

அன்று பின்னேரம் என் வீட்டு கேற்றடியில் குடையோடு ஒரு பெண் நின்றார்.

"நீங்கள்தானே நளீம்?"

"ஓம். யாரு நீங்க?"

"நான் உங்கட சிறுநீரைப் பார்த்தனான்."

இப்படி ஓர் அறிமுகத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. உள்ளே அழைத்து உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை.

"மூக்கில ஏதும் கரைச்சல் இருக்குதோ?"

"அது மாசக்கணக்கா அடைச்சிருக்கு. ரத்தக் கட்டி மாதிரி வரும்."

"இருமலில இரத்தம்?"

"போன கெழம கொஞ்சம் வந்துச்சு."

"டொக்டரிட்டச் சொன்னீங்களோ?"

"மூக்கைப் பத்தி சிறுநீரக டொக்டர்ட்ட ஏன் மிஸ் சொல்லணும்?"

"அதைத்தான் சொல்லவேணும்" என்றார். அப்போதுதான் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். என் சிறுநீரில் இரத்தச் செங்குழியங்கள் தனித்தனியாக இல்லாமல், குழாய்க்குள் வார்த்தெடுத்தது போல ஒட்டிக்கொண்டு நீளநீளமாகக் கிடந்தனவாம். "நீங்கள் சொல்லுற அந்த நோயில இப்பிடி வராது. எனக்கு வேறொரு சந்தேகம். நான் டொக்டர் இல்லை. நான் பார்த்ததைச் சொல்லுவன், நினைச்சதைச் சொல்லமாட்டன். நாளைக்குக் காலமை வாங்கோ, நானே கூட்டிக்கொண்டு போறன்."

மறுநாள் டொக்டருக்கு முன்னால் அவர் நின்ற விதம் எனக்கு மறக்காது. சிங்களத்தில், "சேர், எனக்காக ஒருமுறை வந்து பாருங்கள்" என்று மட்டும் சொன்னார். டொக்டர் எழுந்து போய் நுணுக்குக்காட்டியில் பார்த்தார். திரும்பி வந்தவர் முதலில் கேட்டது என் மூக்கைப் பற்றி. அன்றைக்கே கண்டிக்கு அனுப்பினார்கள். இரத்தத்தில் வேறொரு பரிசோதனை செய்து, சிறுநீரகத்தில் ஊசியால் துளி சதை எடுத்துப் பார்த்து, மிஸ்ஸின் சந்தேகம் சரி என்றார்கள். இன்னும் சில கிழமைகள் பிந்தியிருந்தால் இரண்டு சிறுநீரகமும் போயிருக்கும். பாதிக்கு மேல் தப்பியது.

வேலை நேரத்தில் அனுமதி இல்லாமல் வெளியே போனதற்கு அவரிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்ததைப் பிறகுதான் அறிந்தேன். பதிலைச் சிங்களத்தில் சரிபார்த்துத் தரும்படி என்னிடமே கொண்டு வந்தார். காரணம் என்ற இடத்தில் ஒரே வரி இருந்தது: நோயாளி தொலைபேசியை எடுக்கவில்லை. "இன்னும் ரெண்டு வார்த்தை போடலாமே" என்றேன். "உண்மை அவ்வளவுதானே, நானா" என்றார். எங்கள் ஆட்கள் அண்ணனைச் சொல்வதுபோல, அன்றிலிருந்து என்னை நானா என்றே அழைத்தார்.

என் நோய் என்னவென்று எனக்கு விளங்க வைத்தவரும் அவர்தான். நம் வெண்குழியங்கள் கிருமிகளைக் கொல்வதற்காக ஒரு நொதியத்தை வைத்திருக்கின்றன. மயலோபெரொக்சிடேஸ் என்று பெயர். அதன் நிறம் பச்சை. சீழும் முற்றிய சளியும் பச்சையாவது அதனால்தான். என் உடம்பு அந்த நொதியத்தையே அந்நியப் பொருள் என்று பிழையாக எண்ணி, அதற்கெதிராகப் பிறபொருளெதிரிகளை உண்டாக்கியிருந்தது. அவை வெண்குழியங்களைச் சீண்ட, சீண்டப்பட்ட வெண்குழியங்கள் மெல்லிய இரத்தக் குழாய்களின் சுவரில் ஒட்டிக்கொண்டு, கிருமிக்கென்று வைத்திருந்ததையெல்லாம் அங்கேயே கொட்டிவிட்டன. மூக்கு, நுரையீரல், சிறுநீரகம் மூன்றிலும் நடந்தது அதுதான்.

இதை எல்லா நோயாளிகளுக்கும் தெரியும்படி ஒரு பக்கத்தில் எழுதவேண்டும் என்று மிஸ் பிடிவாதமாக நின்றார். நான் ஓய்வு பெற்றிருந்தேன். மனைவி காலமாகி மூன்று வருடம் ஆகியிருந்தது, மகள் தோஹாவில். எனக்கும் வேலை வேண்டியிருந்தது. அவருடைய குறிப்பை இரண்டு மொழியிலும் எழுதினேன். 'அழற்சி' என்ற சொல்லைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"இது ஆருக்கு விளங்கும்?"

"புஸ்தகத்துல அப்பிடித்தான் இருக்கு மிஸ்."

"கிளினிக்கில இருக்கிறது புத்தகம் இல்லையே."

கடைசியில் 'உள்ளே சிவந்து வீங்கி எரிதல்' என்று எழுதினோம். பெரிய சண்டை அதற்குப் பிறகு வந்தது. அந்த நொதியத்தை நான் எதிரி என்று எழுதியிருந்தேன். அவர் வெட்டினார். சரி என்று, 'இது இல்லாவிட்டால் நாம் உயிர் வாழ முடியாது' என்று மாற்றினேன். அதையும் வெட்டினார்.

"பிறப்பிலேயே இது குறைவான ஆக்கள் இருக்கினம். அவையளில கனபேர் சுகமாத்தான் இருக்கினம்."

"அப்ப நல்லதுன்னும் எழுத ஏலாது, கெட்டதுன்னும் எழுத ஏலாதுன்னா என்னத்ததான் எழுதுறது?"

"அது என்ன செய்யுதோ அதை எழுதுங்கோ."

அந்தத் தாள் கிளினிக் சுவரில் கொஞ்சக் காலம் ஒட்டப்பட்டிருந்தது. அதைப் படித்த ஒரு பெண் டொக்டரிடம் தன் மூக்கைப் பற்றிச் சொல்லி, பரிசோதனை செய்ததில் ஒன்றும் இல்லை என்று வந்தது. எனக்குச் சோர்வாகிவிட்டது. மிஸ் சந்தோஷப்பட்டார். "இல்லை எண்டு தெரிஞ்சால் அவ நிம்மதியா நித்திரை கொள்ளுவாதானே" என்றார்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறு காலையும் அவர் தொலைபேசியில் பேசுவார். இருவருக்கும் வேறு யாரும் பேசுவதற்கு இல்லாத நேரம் அது. இரத்த அழுத்தம், கால் வீக்கம், மாத்திரைகள், கிரியேட்டினின் என்று எல்லாம் கேட்பார். ஹஜ்ஜுப் பெருநாளன்று வட்டலப்பம் கொண்டு போய்க் கொடுத்தபோது நன்றி சொல்வதற்கு முன், "நீங்கள் சாப்பிடேல்லைத்தானே? உந்த மருந்துக்குச் சீனி ஏறும்" என்றார். நானும் மரியாதைக்கு, "நீங்க எப்பிடி இருக்கீங்க மிஸ்?" என்று கேட்பேன். "நான் இருக்கிறன். உங்கட றிப்போட்டைச் சொல்லுங்கோ" என்பார். நான் சொல்லத் தொடங்கிவிடுவேன்.

பலாபத்வல வீட்டுக்கு நான் முதன்முதலாகப் போனது அவருடைய இறுதிச் சடங்குக்குத்தான். பன்னிரண்டு பிளாஸ்டிக் கதிரைகள் போட்டிருந்தார்கள். அவற்றில் பாதி வெறுமையாகக் கிடந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த தம்பி என்னிடம் வந்து, "நீங்கள் அக்காவுக்கு ஆர்?" என்று கேட்டார். "மிஸ் பார்த்த ஒரு நோயாளி" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எட்டு மாசமா தனியக் கண்டிக்கு பஸ்ஸில போய் மருந்து ஏத்திக்கொண்டு வந்திருக்கிறா. புற்றுநோய். எங்களுக்கே போன கிழமைதான் தெரியும். உங்களுக்குச் சொன்னவவோ?"

சொல்லவில்லை. அந்த எட்டு மாதங்களிலும் ஒரு ஞாயிறு தவறாமல் பேசினோம். இடையிடையே குரல் கம்மியிருந்ததைக் கேட்டிருக்கிறேன். இரண்டொரு முறை பேச்சின் நடுவே மூச்சு வாங்கினார். மாடிப்படி ஏறி வந்திருப்பார் என்று எண்ணினேன். அந்த வீட்டில் மாடி இல்லை என்பதை அன்றுதான் கண்டேன். என் ஒரு துளியைப் பார்த்துவிட்டு பஸ் ஏறி வந்தவர் அவர். அவருடைய மூச்சை என் காதுக்குள்ளேயே கேட்டுக்கொண்டு நான் வீட்டில் இருந்திருக்கிறேன். அவர் மறைத்தார் என்று சிலர் ஆறுதல் சொன்னார்கள். மறைப்பதற்கு நான் அவருக்குப் பெரிய வேலை எதையும் வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகள் இப்போது மிக நீளம். பத்து மணிக்கு நான் வீட்டை விட்டு இறங்கி, வீதியோரமாகச் சும்மா நடக்கிறேன். போன மாதப் பரிசோதனை முடிவை வேறு யாரோ யன்னலால் நீட்டினார்கள். நல்ல முடிவுதான். சொல்ல ஆளில்லாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது ஒன்று உண்டு. ஒருவர் 'இருக்கிறேன்' என்று சொன்னால், நான் இப்போது அதோடு விடுவதில்லை. போன வெள்ளி ஜும்ஆ முடிந்து வந்ததும் மகள் தோஹாவிலிருந்து எடுத்தாள். எப்படி மகள் என்று கேட்டேன். "நல்லா இருக்கேன் வாப்பா" என்றாள், எப்போதும் போல.

"இல்ல மகள், மெய்யாத்தான் கேக்குறேன். எப்பிடி இருக்க?"

மறுமுனையில் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு அவள் பேசத் தொடங்கினாள்.