சைரன் ஊதியும் கதவு தட்டினோம்

பள்ளிப் படிப்போடு நின்றவள் நான். நாலு பேர் கூடினால் பின்வரிசை தேடுகிறவள். எழுத உட்கார்ந்ததே அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஷார்ஜாவில் எங்கள் கட்டடத்து வாட்ஸ்அப் குழுவில், ஹாலோவீனுக்கு எந்தெந்த ஃப்ளாட்டில் பிள்ளைகள் பேய் வேஷத்தில் மிட்டாய் கேட்டுக் கதவு தட்டலாம் என்று கேட்டிருக்கிறார்கள். எல்லாரும் சரி என்று போட்டுவிட்டார்கள். மிட்டாய் வாங்கி வைத்தும் என்னால் பதில் போட முடியவில்லை. "இதுல என்ன யோசனை?" என்கிறார் கணவர். போனை எடுக்கிறேன், வைக்கிறேன்.

சின்ன வயதில் நாங்கள் இருந்தது, ஆலைக்காகவே கட்டின, பல ஊர்க்காரர்கள் இருந்த ஒரு குடியிருப்பு. அப்பா ஆலையில் ஆபரேட்டர். வாரம் ஒருமுறை மத்தியானம் சோதனைக்காகச் சைரன் ஊதும். அன்றைக்கு அதைக் கேட்டுத்தான் அம்மா சோற்றுக்கு உலை வைப்பாள். நிஜமாகவே ஏதாவது என்றால் ஆலை கேட்டைப் பூட்டிவிட்டு ஆட்களை எண்ணுவார்கள். அதுவரை உள்ளே யாரும் போன் எடுக்க மாட்டார்கள். யாருக்காவது அடிபட்டிருந்தால் கம்பெனி ஆள் வீட்டுக்கே வந்து கதவைத் தட்டிச் சொல்வார். இது பெரியவர்களுக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு யாரும் சொன்னதில்லை.

ஹாலோவீனைக் கொண்டுவந்தது ஒரு வெள்ளைக்கார இன்ஜினியரின் மகள். எங்கள் வகுப்புதான், ஆனால் எல்லாரையும்விட உயரம். கம்பெனி கொடுத்த வெள்ளை பெட்ஷீட்டில் கண்ணுக்கு ஓட்டை போட்டால் பேய் தயார் என்றாள். எனக்கு அந்த யோசனை மிகவும் பிடித்தது. முகமே தெரியாமல் ஒரு வீட்டு வாசலில் நிற்கலாம்.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "வெள்ளத் துணியத் தலையோட போத்திக்கிட்டு ஒருத்தி வாசல்ல போயி நிப்பியா? அவ புருஷன் டூட்டியில இருக்கையில?"

"எல்லாரும் போறாங்கம்மா."

"போகட்டும். நீ போக வேணாம்."

அழுதேன். கடைசியில் ரோஜாப்பூ போட்ட பழைய போர்வை ஒன்றைக் கத்தரித்துக் கொடுத்தாள். தெருவில் என்னைப் பார்த்ததும் கோட்டயத்துப் பையன் ஒருவன், "பேயில்ல, ஜன்னல் கர்ட்டன்!" என்றான். போர்வைக்குள் இருந்ததால் அது அவ்வளவாக உறைக்கவில்லை.

மூன்றாவது வீட்டைத் தாண்டும்போது சைரன் ஊதியது. நின்றோம். "டெஸ்ட்" என்றாள் உயரக்காரி. இருட்டின பிறகு டெஸ்ட் நடந்து நான் கேட்டதில்லை. ஆனால் அதை அவளிடம் சொல்லும் தைரியம் எனக்கில்லை. எல்லாரோடும் நடந்தேன்.

அடுத்தது எங்கள் வரிசையின் முதல் வீடு. கீழக்கரை மாமி வீடு. அம்மா அவரை அவர்கள் வழக்கப்படி லாத்தா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவாள். அவர் கணவரும் என் அப்பாவும் ஒரே ஷிப்ட். தட்டினோம், திறக்கவில்லை. உள்ளே விளக்கு எரிந்தது. இன்னும் பலமாகத் தட்டினோம். கதவு கொஞ்சமாகத் திறந்தது. மாமி எங்களைப் பார்க்கவே இல்லை. எங்கள் தலைக்கு மேலே, பின்னால் யார் நிற்கிறார் என்று பார்த்தார்.

"ட்ரிக் ஆர் ட்ரீட்!" என்று கத்தினார்கள்.

மாமி நிலையைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் போர்வையைத் தூக்கினேன். "மாமி, நான்தான்."

என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "சொல்லு புள்ள. யாருக்கு? ஒங்க அப்பாவுக்கா, எங்க ஊட்டுக்காரவுகளுக்கா?"

என்னைச் சேதி சொல்ல அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். அப்பாவுக்கு ஏதாவது ஆகலாம் என்பதே அந்த நிமிஷம்தான் எனக்குத் தெரிந்தது. மற்ற பிள்ளைகள் மெல்ல நழுவிவிட்டார்கள்.

என்னைத் தேடிக்கொண்டு அம்மா செருப்பில்லாமல் ஓடிவந்தாள். "சேதி ஒண்ணும் இல்ல லாத்தா. புள்ளைங்க வெளாட்டு. எந்திரிங்க."

"வெளாட்டா? என் ஈரக்கொலையே ஆடிப்போச்சு" என்றார் மாமி. எழுந்திருக்கவில்லை. அம்மாவும் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். இரண்டு பேரும் தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தெருமுனை வரை போனேன், திரும்பி வந்தேன், மறுபடி போனேன். யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை.

ஷிப்ட் முடிந்து வெகுநேரம் கழித்து முதல் பஸ் வந்தது. அப்பா இறங்கினார். "ஒண்ணுமில்ல. ஒரு மீட்டர் தப்பாக் காட்டிருச்சு, அம்புட்டுதான்."

"அத ஒரு போனப் போட்டுச் சொன்னா என்னவாம்?" என்றாள் அம்மா.

"போன் பக்கத்துல விட்டாத்தானே? லாத்தா, அவரு பின்னாடி பஸ்ல வர்றாரு." என்னைப் பார்த்து, "இது என்னா வேசம்?" என்று சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. அப்பாவோடு வீட்டுக்கும் வரவில்லை. இரண்டாவது பஸ்ஸும் வந்து, மாமியின் கணவர் படியில் இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எழுந்தாள்.

மறுநாள் அப்பா அதே பஸ்ஸில் டூட்டிக்குப் போனார். பள்ளியில் எங்களுக்குக் கணக்குப் பரீட்சை நடந்தது. இங்கே குழுவில் எங்கள் ஃப்ளாட்டுக்கு நேரே இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.