வெயிட் என்ற வினைச்சொல்

என் மனைவி என்னோடு ஒருநாளும் இங்கிலீஷில் பேசியதில்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். பக்கவாதம் வந்து பேச்சு அடியோடு போய்விட்டது. பல மாதம் கழித்து அவள் வாயிலிருந்து வந்த முதல் முழு வாக்கியம் இங்கிலீஷில் இருந்தது.

“ஹி இஸ் வெயிட்டிங்.”

அவளைப் பார்த்துக்கொள்ள அவலூர்பேட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் பெண், கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

“இன்னா சார் இது, அம்மா தொரசாணி ஆயிட்டாங்க! நா இத்தினி நாளா தொண்ட வத்தப் பேசறன், அம்மாகிட்டேருந்து எனக்கு ஒரு வார்த்த தமிழ்ல பதில் வரல. உங்களப் பாத்ததும் இங்கிலீசு வருது. இன்னா சொல்றாங்க?”

“யாரோ காத்துக்கிட்டிருக்கானாம்.”

அவள் எட்டிப் பார்த்தாள். “கேட்டாண்ட யாருமில்லியே.”

எனக்கும் சிரிப்பு வந்தது. மூளை பாதிக்கப்பட்டவர்களுக்கு எது மிஞ்சும் எது போகும் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அவளுக்கு இங்கிலீஷ் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்ததுதான். நான் இங்கிலீஷ் வாத்தியார். சாயந்தரங்களில் முன்னறையில் ட்யூஷன் நடத்தினேன். ஒரு நாளைக்கு ஒரு வினைச்சொல். அதை வைத்து ஒவ்வொருவரும் தன் வீட்டில் நடப்பதை வாக்கியமாகச் சொல்ல வேண்டும். புத்தக வாக்கியம் கூடாது. சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறை. வருஷக்கணக்கில் அவள் காதில் அதெல்லாம் விழுந்திருக்கிறது.

செஞ்சியில் எங்கள் வீடு கோட்டையைப் பார்த்த கடைசித் தெருவில் இருக்கிறது. பொழுது சாயும்போது மலையின் நிழல் முதலில் எங்கள் கேட்டைத் தொடும், பிறகு படிக்கு வரும். மலை முழுக்கப் பாறை மேல் பாறை, யாரோ அடுக்கிவிட்டுப் பாதியில் போனது மாதிரி. வெளியூர்க்காரர்கள் இது உருளாதா என்று கேட்பார்கள். நாங்கள் நிமிர்ந்தே பார்ப்பதில்லை.

நிழல் கேட்டுக்கு வரும் நேரத்தில்தான் அவள் பேசினாள். நாளுக்கு நாள் வாக்கியம் நீண்டது. “ஹி இஸ் வெயிட்டிங் அட் த கேட்.” “ஹி ஹாஸ் பீன் வெயிட்டிங் சின்ஸ் ஈவினிங்.” நான் பழக்கதோஷத்தில் ஒவ்வொன்றையும் மனசுக்குள் திருத்திப் பார்த்தேன். திருத்த ஒன்றுமில்லை. சென்னையில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டு, “உங்கம்மா கிராமர் என் ஸ்டூடண்ட்ஸ விட நல்லா இருக்குது” என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது கட்டிலிலிருந்து அவள் சொன்னாள்:

“ஹி இஸ் வெயிட்டிங் ஃபார் யூ.”

நான் போனை வைத்துவிட்டேன்.

அதன் பிறகு சாயந்தரத்தில் அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். ஸ்பூனை வாயருகே கொண்டுபோனால், நல்லாயிருந்த ஒரு கையால் அதை கேட்டுப் பக்கம் தள்ளுவாள். முதலில் அந்தப் பெண் கேலி செய்தாள். “யாருக்கும்மா ஊட்டச் சொல்ற? காக்காவுக்கா?” பிறகு காலையிலும் கஞ்சி இறங்கவில்லை. இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டும், இந்த வயதில் தாங்குவது கஷ்டம் என்றார் டாக்டர்.

ஒரு சாயந்தரம் அந்தப் பெண் சிரிக்காமல் என்னிடம் வந்தாள்.

“சார், தப்பா நெனக்காதீங்க. அம்மா பாக்கற எடம் மாறவே மாட்டேங்குது. கேட்டுக்கு மேல, ஒரு ஆளு தல இருக்கற ஒசரம். நா குறுக்க போயி நின்னன். என்னத் தாண்டிப் பாக்குறாங்க. யாரு சார் அது?”

“யாருமில்ல” என்றேன்.

பொய். யார் என்று அந்தப் போனை வைத்த நேரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

பல வருஷத்துக்கு முன்பு என்னிடம் ட்யூஷன் படித்தவன், அப்போது இருபது வயது தாண்டியிருக்கும். மேல்மலையனூர் ரோட்டில் ஒரு காலனியிலிருந்து வருவான். பகலில் கல் உடைக்கிற வேலை. அரசாங்கப் பரீட்சை எழுத வேண்டும், இங்கிலீஷ் மட்டும் வரவில்லை என்று வந்து சேர்ந்தான். குளித்துவிட்டுத்தான் வருவான். ஆனாலும் காது மடலுக்குப் பின்னால் கல்தூள் வெள்ளையாக ஒட்டியிருக்கும்.

என் ட்யூஷனில் ஒரு வழக்கம். தப்பாகச் சொன்னவன் எழுந்து சுவரோரம் நிற்க வேண்டும், நான் கூப்பிடும்வரை. கூப்பிடுவதற்கு முன் கிளம்பிப் போகிறவன் மறுநாள் வரவேண்டியதில்லை. எல்லோருக்கும் இது அறைக்குள் இருக்கிற சுவர். அவன் ஒருவனுக்கு மட்டும் கேட்டுக்கு வெளியே. முதல் நாள் கையால் காட்டினேன். பிறகு காட்ட வேண்டியிருக்கவில்லை, தானே போய் நின்றுகொள்வான். ஏன் என்று அவன் கேட்கவில்லை, மற்றவர்களும் கேட்கவில்லை. சுவரோரம் இடமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இடம் இருந்தது. அவன் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்பதுதான் காரணம். அதைச் சொல்லாமலே அவனும் புரிந்துகொண்டான், உள்ளே இருந்தவர்களும் புரிந்துகொண்டார்கள்.

அன்று அமாவாசை. வினைச்சொல் வெயிட். “மை மதர் இஸ் வெயிட்டிங் த பஸ்” என்றான். நடுவில் ‘ஃபார்’ விட்டுப்போயிற்று. வெளியே போனான். வகுப்பு முடிந்து மற்றவர்கள் கிளம்பினார்கள். நானும் மனைவியும் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு அமாவாசை ஸ்பெஷல் பஸ் பிடிக்க வேண்டும். கதவைப் பூட்டிவிட்டு வந்தோம். அவன் நின்றுகொண்டிருந்தான்.

“ஏங்க, அந்தப் புள்ள நிக்குதே. போவச் சொல்லுங்க, இருட்டிக்கினு வருது” என்றாள் மனைவி.

அவன் எதிரில் அவள் எனக்குச் சொல்லித் தருவதா என்று கோபம் வந்தது. அவளுக்குப் புரியக்கூடாது என்றால் இங்கிலீஷில் பேசுவது என் வழக்கம். “லெட் ஹிம் வெயிட்” என்றேன்.

“யெஸ் சார்” என்றான் அவன்.

எவ்வளவு நேரம் நின்றான் என்று தெரியாது. நன்றாக இருட்டின பிறகும் நின்றான் என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். அவன் ஊருக்குப் போகிற டவுன் பஸ் போய்விட்டது. ஸ்பெஷல் பஸ்கள் காலனியில் நிற்காது. நடந்திருக்கிறான். ஏதோ ஒரு வண்டி அடித்துவிட்டுப் போயிருக்கிறது.

விடியற்காலையில் நாங்கள் திரும்பி வரும்போது பஸ் ஓரிடத்தில் மெதுவாகப் போனது. ரோட்டில் புதிதாக மணல் கொட்டியிருந்தது. ஓரத்தில் ஒற்றைச் செருப்பு. மனைவி அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

சில நாள் கழித்து அவனுடைய அம்மா வந்தாள். கேட்டுக்கு வெளியிலேயே நின்று, “எத்தினி மணிக்குங்க சார் எம்புள்ள கெளம்புச்சி?” என்று கேட்டாள். எல்லோரோடும் சேர்ந்து நேரத்துக்கே போய்விட்டான் என்று கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து சொன்னேன். என் மனைவி எனக்குப் பின்னால் நின்றிருந்தாள். அதன் பிறகு அவள் மேல்மலையனூருக்கு வந்ததேயில்லை. கூட்டம் ஒத்துக்கொள்ளவில்லை என்பாள்.

யாருமில்லை என்று சொன்ன அந்தச் சாயந்தரமே இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். வேறு யாரிடமும் சொன்னதில்லை. அவள் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்ப போயிக் கூப்புடுங்க சார்” என்றாள். “அம்மா சாப்புடணுமில்ல.”

நிழல் கேட்டுக்கு வந்திருந்தது. போய்த் தாழ்ப்பாளை நீக்கினேன். தெருவில் ஒரு ஆள் இல்லை. பகல் வெயிலைக் குடித்த பாறைகளிலிருந்து சூடான காற்று வந்தது. அவன் பெயர் ஞாபகத்தில் இருந்தது. ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட எனக்கு என்ன உரிமை என்று தோன்றியது.

“உள்ள வாப்பா” என்றேன்.

எதுவும் அசையவில்லை. ஆனால் நான் வெளியே ஒதுங்கி வழிவிட்டேன். ஏன் ஒதுங்கினேன் என்று தெரியாது. கதவு திறந்திருந்ததால் கட்டில் தெரிந்தது. என் மனைவியின் பார்வை கேட்டை விட்டு நகர்ந்தது. ஒருவர் நடக்கிற வேகத்தில் படியேறி, வாசலைக் கடந்து, அறைக்குள் சுவரோரம் வந்து நின்றது. அங்கிருந்து மெதுவாகக் கீழே இறங்கியது, யாரோ உட்காருவதைப் பார்ப்பது போல.

பிறகு அவள் வாயைத் திறந்தாள். அந்தப் பெண் சுவர்ப் பக்கம் திரும்பாமல் ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினாள். கிண்ணம் காலியாயிற்று.

நான் கேட்டைத் தாண்டி உள்ளே காலெடுத்து வைத்தேன். மனைவி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

“யூ வெயிட்” என்றாள்.

காலைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டேன். மலையின் நிழல் என்னைத் தாண்டிப் படியேறி வீட்டுக்குள் போனது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று அந்தப் பெண் பையை மாட்டிக்கொண்டு வந்தாள்.

“இன்னா சார், உள்ள வரலியா?”

“கூப்பிடட்டும்மா” என்றேன்.