களத்துமேட்டில் நின்ற அத்தை

எங்கள் அத்தைக்குச் சாமி வந்திருப்பதாகப் பிள்ளைப்பாக்கமே நம்பியது. ஊரைக் குற்றம் சொல்ல முடியாது. விடிகிற நேரத்தில் ஒரு பெண்பிள்ளை களத்துமேட்டில் முழங்காலை லேசாக மடக்கி, பெரிய தவலையைக் கட்டிக்கொண்டதுபோல இரண்டு கையையும் வளைத்து, கண்ணைப் பாதி மூடி அசையாமல் நின்றால் வேறென்னதான் நினைப்பார்கள்? இப்போது அந்த மேட்டில் ஒரு கம்பெனியின் லாரிகள் நிற்கின்றன. அவற்றை யாரும் கும்பிடுவதில்லை.

அத்தை என் அப்பாவின் தங்கை. ரங்கூனிலிருந்து தமிழர்களை அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அடுத்த கப்பலில் வருவதாகச் சொல்லி ஏற்றிவிட்ட மாமா, எத்தனையோ கப்பல் வந்தும் வரவில்லை. இந்த நிற்கிற வித்தையை அத்தைக்குச் சொல்லிக்கொடுத்தது அங்கே பக்கத்து வீட்டிலிருந்த சீனக்காரம்மா. அவர்கள் சண்டைக் கலையில் முதலில் நிற்கத்தான் பழக வேண்டுமாம், அடிதடியெல்லாம் அப்புறந்தானாம்.

அடிதடி என்றதும் நானும் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். எட்டு வயசுப் பெண்ணுக்கு வேறென்ன வேலை? தொடை நடுங்கும், மூக்கு அரிக்கும். உள்ளுக்குள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், "வர்ற நெனப்பு வரட்டும். அது பின்னாடி நீ ஓடாத" என்பாள். என் நினைப்பெல்லாம் பழைய சோற்றின் பின்னாலேயே ஓடியது.

ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா தன் கன்றுக்குட்டி எங்கே போயிற்றென்று அத்தையிடம் குறி கேட்டாள். அத்தை வாய் திறக்கவில்லை. அவள் முகம் பார்த்திருந்த ஏரிப் பக்கம் பெரியம்மா தேடிப் போனாள். பாழாய்ப்போன கன்று அங்கேயே மேய்ந்துகொண்டிருந்தது. மறுநாள் களத்துமேட்டில் கற்பூரத் தட்டுகளோடு கூட்டம்.

அப்பா கட்சி வேறு. அது சாமியில்லை, பேய் என்றார். "மச்சான் வந்து எறங்கற நேரத்துல இவ இப்டி நின்னுகினு இருந்தா, நான் இன்னா பதில் சொல்றது?" என்று அம்மாவிடம் கத்தினார். சுங்குவார்சத்திரத்திலிருந்து பூசாரியை வரவழைத்தார். பூசாரி வந்தால் பிரம்பும் வரும். அத்தைக்கு அடி விழப்போகிறது.

பூசாரி உடுக்கை அடித்தார், சாம்பிராணி போட்டார், "யார்றி நீ? எங்கேர்ந்து வந்த?" என்று அதட்டினார். அத்தை அசையவில்லை. பிரம்பை ஓங்கினார். என்னால் தாங்க முடியவில்லை. ஓடிப்போய் அத்தைக்கு முன்னால் அதேபோலக் கையை வளைத்து நின்றேன்.

"ஐயையோ, சின்னதையும் புடிச்சிகிச்சே!" என்று பெரியம்மா அலறினாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு கட்டெறும்பு என் காலைப் பதம் பார்த்தது. "யம்மாடி, எறும்பு!" என்று ஒரு குதி குதித்தேன். கூட்டம் கொல்லென்று சிரித்தது. "இது எக்சைஸுங்க! எங்கத்த ரங்கூன்ல கத்துகினது!" என்று அழுகையோடு கத்தினேன்.

பூசாரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "பேய் புடிச்சவளுக்கு எறும்பு கடிச்சா தெரியுமாய்யா? போய் வேலயப் பாருங்க" என்று பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அப்பா தலையைச் சொறிந்துகொண்டே அவரைக் காப்பி குடிக்க அழைத்துப் போனார்.

எல்லோரும் போன பிறகும் அத்தை நின்றுகொண்டிருந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"அத்த, மாமா வந்ததும் அவருக்கும் இத கத்துக்குடுக்கலாமா?"

உடுக்கைக்கும் பிரம்புக்கும் அசையாத கைகள் இறங்கின. அத்தை அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் நின்றதில் கால் மரத்துப்போயிருக்கும் என்று நினைத்து, நான் தண்ணீர் கொண்டுவர வீட்டுக்கு ஓடினேன்.