நல்லெண்ணெய் குடித்த கடல்நாய்

திருச்சியில் பதினேழு வருஷம் வேதியியல் நடத்திய கோதண்டராமன், 1996இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து வந்து சிற்பங்களுக்குத் தூசி தட்டினார். புள்ளி போட்டு விசா கொடுத்த நாடு, வேலைக்கு மட்டும் முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. நகரின் எப்சம் பகுதியில் மார்கரெட் அம்மையாரின் சின்னக் கலைக்கூடம். மூன்று மாதச் சோதனைக் காலம் வெள்ளிக்கிழமை முடிகிறது. நிரந்தரமாகாவிட்டால் திருச்சிக்கு டிக்கெட்தான்.

அந்த வாரம், கனடாவின் வடகோடியில் இனுயிட் மக்கள் செதுக்கிய பன்னிரண்டு சிற்பங்கள் வந்திறங்கின. அதில் ஒரு கடல்நாய், வழியெல்லாம் உரசல் பட்டு, விபூதி பூசியதுபோல் வெளுத்துக் கிடந்தது.

“வெள்ளிக்குள் இதைப் பார்க்கும்படி ஆக்குங்கள்” என்று அம்மையார் துணியை நீட்டினார்.

வீட்டில் புலம்பியதும் மனைவி பாக்யலட்சுமி கேட்டாள்: “என்ன கல்லுங்க?”

“நகத்தால கீறினா மாவா வருது.”

“அட, மாக்கல்! நம்ம கல்சட்டிக்கு என்ன பண்ணுவோம்? நல்லெண்ணெய் தடவி வெயில்ல வைங்க. எம்.எஸ்ஸி. படிச்சு என்னத்தக் கிழிச்சீங்க?”

மூன்றே நாளில் கடல்நாய், அப்போதுதான் தண்ணீரிலிருந்து தலை நீட்டியதுபோல் மினுங்கியது. அடிப்பக்கம் தடவும்போது, செதுக்கியவர் தம் எழுத்தில் பொறித்த பெயரும் துலங்கியது.

வெள்ளியன்று நிபுணர் ஒருவர் வந்தார். வடதுருவ மக்களைப் பற்றி மூன்று புத்தகம் எழுதியவர். அங்கே போனதில்லை, குளிர் ஒத்துக்கொள்ளாதாம். கடல்நாயின் மூக்கோடு மூக்கு வைத்துக் கண்ணை மூடினார்.

“ஆகா! அசல் கடல்நாய்க் கொழுப்பு! பனிக்குடிலின் வாசனை!”

அம்மையார் முகம் மலர்ந்தது. கோதண்டராமன் கணக்குப் போட்டார். மறைத்தால் என்றைக்காவது துரத்துவார்கள், சொன்னால் இன்றைக்கே. சொல்லிவிட்டார்.

“ஐயா, அது நல்லெண்ணெய். இந்தியக் கடையில் வாங்கியது. நான்தான் தடவினேன்.”

நிபுணர் பரிவோடு அவர் தோளைத் தட்டினார். “நண்பரே, இந்த மக்களைப் பற்றி உங்களுக்குத் தெரியாது.”

“அடியில் செய்தவர் பெயர்கூட இருக்கிறது...”

“பெயரா முக்கியம்? மரபு ஐயா, மரபு!”

நிபுணர் புரட்டிப் பார்க்கவே இல்லை. அம்மையார் அவருடைய மூக்கை நம்பினார். அன்று மாலையே கோதண்டராமன் நிரந்தரமானார். மீதிப் பதினொன்றையும் திங்களுக்குள் அதே பக்குவத்துக்குக் கொண்டுவர வேண்டும்; நிபுணர் மறுபடி முகர வருகிறார்.

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“நல்லெண்ணெய் இன்னும் இருக்கா?”

“தீந்துபோச்சு. ஊறுகாய்க்குக் காய்ச்சினதுதான் இருக்கு. பெருங்காயம் தூக்கலா இருக்கும், பரவாயில்லையா?”

கோதண்டராமன் கையை நீட்டினார்.

“குடு. திமிங்கலம்னு சொல்லிடுவாரு.”